ஆறு பேருக்குக் காவல் இருந்த சேவியர்

சேவியர் பர்னாந்து காலமாகிவிட்டார் என்று தொலைபேசியில் ஒரு குரல் சொன்னபோது, "நீங்க யாரு?" என்றுதான் நான் முதலில் கேட்டேன். அவருடைய மைத்துனன் என்றது குரல். எந்த மைத்துனன், பெயர் என்ன, எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று மேலும் மூன்று கேள்விகள் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த நேரம். யாரோ விளையாடுகிறார்கள் என்றே நினைத்தேன். பிறகு, "அண்ணாச்சி, நீங்க லேசில நம்ப மாட்டியன்னு அத்தான் சொல்லியிருக்காவ. அக்காட்ட குடுக்கேன்" என்றார் அந்த மனிதர். சேவியரின் மனைவி பிலோமினா வந்து பேசினார். "பூசை முடிஞ்சி வந்தாவ அண்ணாச்சி. குசினி வாசல்ல நின்னு தண்ணி கேட்டாவ. நான் செம்பை எடுத்துட்டுத் திரும்புததுக்குள்ள உக்காந்துட்டாவ. அவ்வளவுதான்." அவர் குரலைக் கேட்ட பிறகுதான் நம்பினேன். அன்று சாயங்காலம் மணப்பாட்டுக்குப் பேருந்தில் போகும்போது, ஒரு சாவுச் செய்திக்குக்கூடச் சாட்சி கேட்ட என்னை நினைத்து எனக்கே வெறுப்பாக இருந்தது.

நம் கணினி வியாபாரிகள் சங்கத்து இதழுக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். முருகன்குறிச்சியில் எங்கள் கடையின் உள்ளறையில், அரைக்கைச் சட்டையும் முன்வழுக்கையுமாக, மோடம் கத்துவதைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாரே, அவர்தான். பதினெட்டு வருடம் சரக்குக் கப்பல்களில் ரேடியோ ஆபீசராக இருந்தவர். செயற்கைக்கோள் வந்து அந்த வேலைக்கே ஆள் வேண்டாம் என்று ஆனதும் கரைக்கு வந்தார். மோடம் எழுப்பும் கீச்சொலியை வைத்தே இணைப்பு நிற்குமா அறுந்துவிடுமா என்று சொல்லிவிடுவார். "லைன் தொண்டை கட்டிக் கெடக்கு அண்ணாச்சி, கொஞ்சம் பொறுப்போம்" என்பார். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அது எப்படி என்று எனக்கு அதிலும் ஒரு சந்தேகம் இருந்தது.

என் சந்தேக புத்தியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையில் குற்றவாளி நான்தான். டவுணில் எங்கள் குடும்பத்துக்குப் பாத்திரக்கடை. யார் எந்தப் பாத்திரத்தைக் கொண்டுவந்தாலும் முதலில் அடியைத் தட்டிப் பார்க்க வேண்டும், பிறகு விளிம்பை, பிறகு கொண்டுவந்தவரின் முகத்தை. அப்படித்தான் வளர்ந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் நான் பிரிந்து வந்து கணினிக்கடை வைத்தபோதும் அந்தப் பழக்கம் கூடவே வந்தது. கணினிகள் வந்திறங்கினால் பெட்டியின் எல்லாத் திருகுகளையும் நானே கழற்றி உள்ளே பார்ப்பேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் பார்ப்பேன்.

சேவியர் முதன்முதலில் கடைக்கு வந்தபோது கையில் ஒரு குறுந்தட்டு வைத்திருந்தார். ஓர் அலுவலகத்தில் ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு இருந்தால் போதும், அதை வைத்து அங்கே இருக்கிற எல்லாருக்கும் மின்னஞ்சல் கொண்டுவந்து பிரித்துக் கொடுக்கிற மென்பொருள் அதில் இருக்கிறது என்றார். நம் ஊருக்குத் தக்கபடி அதை மாற்றி விற்கலாம் என்றார். விலை என்ன என்று கேட்டேன். விலை இல்லை என்றார். நான் தட்டைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "சும்மா தாரவன் எதுக்குவே தாரான்?" என்று கேட்டேன். "சும்மா இல்ல அண்ணாச்சி. அவுக கேக்குதது வேற" என்றார். வெளிநாடுகளில் இருக்கிற ஆறு பேர் சேர்ந்து எழுதியது அது. அவர்கள் கேட்பது இரண்டு காரியம்தான். யாருக்கு விற்றாலும், அவர்கள் எழுதியதைப் படித்துத் திருத்தக்கூடிய வடிவில், அதாவது மூலநிரலோடு கொடுக்க வேண்டும். எழுதியவர்களின் பெயர்களை எடுக்கக் கூடாது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சூத்திரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் வாங்கியவன் மறுபடி நம்மிடம் எதற்கு வருவான்? இதில் எங்கோ ஒரு கண்ணி இருக்கிறது என்று நிச்சயமாக நம்பினேன். இந்த நிபந்தனைகள் எழுதியிருந்த லைசென்ஸ் பத்திரத்தை வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொன்னேன். மூன்று மத்தியானங்கள், எதிர்க்கடைத் தேநீரோடு, முகம் சுளிக்காமல் சொன்னார். எந்த இடத்தில் நம்மைச் சிக்கவைத்திருக்கிறார்கள் என்று நான் குறுக்கே குறுக்கே கேட்டேன். மூன்றாம் நாள் முடிவில், "அண்ணாச்சி, இதில மறைச்சி வச்சது ஒண்ணும் இல்லங்கிறதுதான் உங்களுக்குப் பிடிக்கலை" என்றார். உண்மைதான். மறைத்து வைத்திருந்தால் கண்டுபிடித்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

இருவரும் கூட்டாக இறங்கினோம். அவர் உள்ளறையில் வேலை பார்த்தார். நான் பெயர் வைத்தேன். 'பொருநை' என்ற பெயர் என்னுடையது, அதைப் பற்றி எனக்கு இன்றும் பெருமைதான். நம் தொலைபேசி இணைப்புகளின் யோக்கியதை உங்களுக்குத் தெரியும். ஐப்பசி மழை தொடங்கினால் பாதிக் கடிதம் வந்துகொண்டிருக்கும்போதே அறுந்துவிடும், பிறகு முதலிலிருந்து வர வேண்டும். சேவியர் அதை மாற்றினார். எந்த இடத்தில் அறுந்ததோ அந்த இடத்திலிருந்தே தொடரும்படி செய்தார். கப்பலில் செய்தி அனுப்புகிறவர்கள் அப்படித்தான் செய்வார்களாம். அந்த ஒரு திருத்தத்துக்காகவே பொருநையை விற்கலாம் என்று நான் அப்போதே கண்டுகொண்டேன்.

ஆனால் அந்த நாட்களில் அவர் வெளிநாட்டுக்கு மின்னஞ்சல் அனுப்புவதையும் கண்டேன். ஹங்கேரியில் ஓர் ஆள், அந்த ஆறு பேரில் முதல் பெயர்க்காரர். வாரத்துக்கு இரண்டு, மூன்று கடிதங்கள் போகும், வரும். சேவியர் எல்லாவற்றையும் அச்செடுத்து ஒரு கோப்பில் கோத்து வைப்பார். அவர் மணப்பாட்டுக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். என் ஆங்கிலம் விலைப்பட்டியல் படிக்கிற அளவுக்குத்தான். ஆனால் 'பொருநை' என்ற பெயர் பல இடங்களில் இருந்தது, சேவியரின் திருத்தம் பக்கம் பக்கமாக அப்படியே இருந்தது. நம் சரக்கை இவர் எனக்குத் தெரியாமல் அங்கே தள்ளிவிடுகிறார் என்று முடிவுகட்டினேன். நேரில் கேட்டிருக்கலாம். கேட்டால் சுதாரித்துக்கொள்வார் என்று கேட்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் காயல்பட்டினத்து ஹாஜியார் வந்தார். ஹாங்காங், துபாய், கொழும்பு என்று அவர் வீட்டு ஆட்கள் சிதறிக் கிடந்தார்கள். இங்கே மட்டும் ஐந்து அலுவலகங்கள். ஐந்துக்கும் பொருநை வேண்டும் என்பதுபோலப் பேசினார். அந்த வியாபாரம் கிடைத்தால் கடை பிழைக்கும், இல்லையென்றால் மறுபடியும் பாத்திரக்கடைக்குப் போய் என் அண்ணனுக்குக் கீழே உட்கார வேண்டும் என்ற நிலையில் நான் இருந்தேன். "இது உங்க சொந்தச் சரக்கா?" என்று ஹாஜியார் கேட்டார். சேவியர் அப்போது கடையில் இல்லை. "முழுக்க முழுக்க நம்ம ஊர்லயே செஞ்சது" என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு நான் செய்ததை விளக்க வேண்டும் என்றால் பாத்திரக்கடை வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பழைய எவர்சில்வர் பாத்திரத்தை மாற்ற வருகிறவர்கள் அதில் தங்கள் வீட்டுப் பெயரை வெட்டியிருப்பார்கள். கடைக்குள் வந்ததும் முதல் வேலை அந்தப் பெயரை அரத்தால் ராவி, மெருகேற்றுவது. பிறகுதான் அது விற்பனைக்கு. வாங்குகிறவர் தன் பெயரை வெட்டிக்கொள்வார். பழைய பெயரோடு ஒரு பாத்திரம் தட்டில் இருந்தால் என் அப்பாவுக்குக் கோபம் வரும். கைக்கு வந்த பொருளில் இருக்கும் பெயரை ராவுவது எங்கள் வீட்டில் தப்பில்லை, சுத்தம். எனவே ஒரு சனிக்கிழமை உள்ளறையில் உட்கார்ந்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு கோப்பின் தலையிலும் இருந்த ஆறு பெயர்களையும், கூடவே இருந்த லைசென்ஸ் வரிகளையும் ஒன்றுவிடாமல் அழித்தேன். பொருநை தொடங்கும்போது திரையில் வரும் பெயர்ப்பட்டியலையும் எடுத்துவிட்டு, 'முழுவதும் திருநெல்வேலியில் உருவாக்கப்பட்டது' என்று அடித்தேன். ஹங்கேரிக்காரரின் பெயரை அழிக்கும்போது மட்டும் கூடுதலாக ஒரு திருப்தி இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இதோடு நின்றிருக்கலாம். அந்த ஆறு பேரின் மென்பொருளுக்கு ஒரு சின்னம் உண்டு, சிறகு விரித்த ஒரு புறா. கணினிப் பத்திரிகைகளில் அந்தப் புறா அடிக்கடி வந்துகொண்டிருந்தது. ஹாஜியாரின் ஆட்கள் வெளிநாட்டில் அதைப் பார்த்திருப்பார்கள், நம்பிக்கை வரும் என்று கணக்குப் போட்டேன். சிவகாசியில் பெட்டி அச்சடிக்கும்போது 'பொருநை' என்ற எழுத்துக்குப் பக்கத்திலேயே அந்தப் புறாவையும் பெரிதாகப் போட்டுவிட்டேன். உள்ளே இருக்க வேண்டிய பெயர்களை எடுத்துவிட்டு, வெளியே இருக்கக் கூடாத அடையாளத்தைப் போட்டிருந்தேன். மூன்று மத்தியானம் பாடம் கேட்டவன் செய்த காரியம் இது.

காயல்பட்டினத்துக்கு நாங்கள் இருவரும் சேர்ந்தே போனோம். பெட்டிகள் சாக்கில் கட்டியிருந்ததால் வழியில் சேவியர் பார்க்கவில்லை. ஹாஜியாரின் அலுவலகத்தில் சாக்கைப் பிரித்ததும் புறாவைப் பார்த்தார். கணினியில் ஏற்றி ஓடவிட்டதும் திரையில் என் வாசகம் வந்தது. அதையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஹாஜியார் பக்கத்திலேயே நின்று, "மாஷா அல்லாஹ், நல்லா ஓடுது" என்றார். இந்த ஆள் இப்போது வாயைத் திறந்துவிடுவார், என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டு ஹங்கேரிக்காரனுக்கு நல்ல பிள்ளையாகிவிடுவார் என்று நினைத்தேன். நல்லவேளையாக மதிய லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். ஹாஜியார் எங்களை உட்காரச் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனார்.

"ஆறு பேரும் எங்க அண்ணாச்சி?" என்று சேவியர் கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"உள்ள இருக்கது யாருக்குவே தெரியப்போகுது?" என்றேன்.

"எனக்குத் தெரியுமே."

"நீரும் அந்த ஹங்கேரிக்காரனும் என்ன பேசிக்கிடுதியன்னு எனக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அவர் கோப்பை நான் திறந்ததை ஒப்புக்கொண்டுவிட்டது புரிந்தது. சேவியர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பையிலிருந்து ஒரு குறுந்தட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் கைவைப்பதற்கு முன்பிருந்த பொருநை, ஆறு பெயர்களும் அப்படியே. அதை எதற்குக் கூடவே கொண்டுவந்தீர் என்று கேட்டேன். "உங்களோட சேந்துல்லா வேலை பாக்கேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது.

பிறகு அவர் மெதுவாக, கப்பலில் செய்தி வாசிக்கிறவர்போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "பேரு ரெண்டு வகை அண்ணாச்சி. செஞ்சவன் பேரு ஒண்ணு, விக்கவன் பேரு ஒண்ணு. செஞ்சவன் பேரை நாம எடுக்கக் கூடாது. இன்னொருத்தன் விக்க பேரையும் சின்னத்தையும் நாம தொடக் கூடாது. அவுக சரக்கைத்தான் நமக்குத் தந்தாவ. புறாவைத் தரலை. பொருநைன்னு நல்ல பேரு வச்சிருக்கிய, அது போதும்." நான் ஹாஜியாரிடம் சொல்லிவிட்டதைச் சொன்னேன். முழுக்க நம் சரக்கு என்று சத்தியம் பண்ணாத குறைதான், இப்போது மாற்றிச் சொன்னால் எல்லாம் போய்விடும் என்றேன். கடையை மூட வேண்டியதுதான் என்றேன். "நான் சொன்னா உங்களைக் காட்டிக்குடுத்த மாதிரி ஆயிரும். நீங்களே சொல்லுங்க. சொல்ல மாட்டியன்னா நான் பெட்டியைக் கட்டிட்டு பஸ் ஏறுதேன்" என்றார். தட்டைப் போட்டு அந்த ஆறு பெயர்களையும் மறுபடி ஏற்றத் தொடங்கினார். அது முடிவதற்குள் ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டே படியேறி வந்துவிட்டார்.

நான் சொன்னேன். திக்கித் திணறித்தான் சொன்னேன். அடிப்படை வேறு ஆறு பேருடையது, மேலே செய்திருப்பது எங்களுடையது, பெட்டியில் இருக்கும் புறா எங்களுடையது இல்லை, எழுதிய மூலநிரல் முழுவதையும் உங்களுக்கும் தந்தாக வேண்டும் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். ஹாஜியார் என்னைவிடப் பெரிய சந்தேகக்காரர் என்பது அன்றுதான் தெரிந்தது. அவர் சேவியரைப் பார்த்து, "அப்ப நாளைக்கே இவங்க கடையைப் பூட்டிட்டுப் போனாலும் வேற ஒரு ஆளைக் கூட்டியாந்து இதைத் திறந்து சரிபண்ணிக்கிடலாமா?" என்று கேட்டார். பண்ணலாம் என்றார் சேவியர். ஹாஜியாரின் முகம் தெளிந்தது. எதைச் சொன்னால் ஓடிவிடுவார் என்று நான் பயந்தேனோ அதுதான் அவருக்கு வேண்டியதாக இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். "இது அமானிதம்லா வாப்பா? நம்பிக் குடுத்ததுல அவங்க பேரை அழிக்கலாமா? அன்னைக்குக் கடையில ஒண்ணு சொன்னிய, இன்னைக்கு லுஹருக்குப் பொறவு ஒண்ணு சொல்லுறிய. சரக்கு நல்லாயிருக்கு. சொல்லு நல்லாயில்லை. ஒரு ஆபீசுக்கு மட்டும் வைங்க. மத்ததை ஒரு வருஷம் பாத்துட்டுப் பேசுவோம்."

ஐந்துக்குப் பதில் ஒன்று. திரும்பும் வழியெல்லாம் நான் சேவியரோடு பேசவில்லை. அடுத்த வாரம் பூராவும் அவர் கடை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, மைதாப் பசையும் வெள்ளைத்தாளுமாக, அச்சாகி வந்த பெட்டி ஒவ்வொன்றின் மேலும் இருந்த புறாவை மூடி ஒட்டினார். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஏதோ தேர்தல் வேலை என்று நினைத்தார்கள். உங்களில் இரண்டு பேர் வந்து விசாரித்ததுகூட எனக்கு நினைவிருக்கிறது. "பெட்டியில எழுத்துப்பிழை" என்று சேவியர் உங்களிடம் சொன்னார். என் பெயரை அவர் யாரிடமும் கெடுக்கவில்லை. ஹாஜியார் சொன்னபடி ஒரு வருடம் கழித்து மற்ற நான்குக்கும் பொருநையை வாங்கினார், கடையும் பிழைத்தது. அந்த ஒரு வருடம் எப்படிப் போயிற்று என்பது எனக்கும் என் மனைவிக்கும் தெரியும்.

அடுத்து நடந்ததற்கு நீங்களே சாட்சி. ஒரு கணினிப் பத்திரிகையோடு வந்த குறுந்தட்டில் அந்த மென்பொருளின் புதிய பதிப்பு இருந்தது. தொடங்கியதும் திரையில் பெயர்ப்பட்டியல் வந்தது. ஆறு பெயர்கள், அவற்றுக்குக் கீழே ஏழாவதாக, நெல்லையப்பன், திருநெல்வேலி. என் பெயர். நான்கு தடவை நிறுத்தி மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். அந்த மாதச் சங்கக் கூட்டத்தில் எல்லாருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தேன். ஹங்கேரிக்காரன் நம் திறமையைக் கண்டுகொண்டான் என்று எழுந்து நின்று பேசவும் செய்தேன். சேவியர் கடைசி வரிசையில் உட்கார்ந்து தன் பங்கைச் சாப்பிட்டுவிட்டு, இலைத்துண்டை மடித்துக்கொண்டே, "அல்வா பதமா இருக்கு அண்ணாச்சி" என்றார். இதில் ஏதும் உள்நோக்கம் இருக்குமோ, பின்னால் ஏதாவது கேட்பார்களோ என்று அவரிடம் தனியாக விசாரித்தேன். "வந்த பேரை வச்சிக்கிடுங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ" என்றார். அன்றிலிருந்து பொருநையின் ஒவ்வொரு பிரதியிலும் அந்தப் பட்டியல் இருக்கிறதா என்று நானே பார்ப்பேன். கடைக்கு வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் காட்டுவேன். சேவியரின் பெயர் அதில் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மணப்பாட்டில் அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, அவருடைய பொருள்களை எடுத்துப்போகப் பிலோமினா கடைக்கு வந்தார். அவர் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை. கண்ணாடிக்கூடு, ஒரு சட்டை, ஒரு பழைய ரேடியோ, அந்தக் கடிதக் கோப்பு. கோப்பை அவர் கையில் கொடுக்கும்போது, இதைக் கொஞ்சம் படித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். துக்கத்தில் அல்ல, ஏக்கத்திலும் அல்ல. அவர் செத்த பிறகும் எனக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை. அதனால்தான் கேட்டேன். பிலோமினாவுக்கு அது தெரிந்திருக்கும். சேவியரின் நாற்காலியில் உட்கார்ந்து படித்தார்.

முதலில் இருந்த கடிதங்கள் எல்லாம் அந்த அறுந்த இணைப்பைப் பற்றியவை. மழைக்காலத்தில் எங்கள் ஊரில் இப்படி ஆகிறது, நான் இப்படிச் சரிசெய்தேன், உங்களுக்கும் உதவினால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். விற்கவில்லை, கொடுத்திருந்தார். நாம் அவர்களிடம் வாங்கியதற்கு அவர் திருப்பிச் செய்த மரியாதை அது. காயல்பட்டினம் போய்வந்த வாரத்தில் ஹங்கேரிக்காரர் கேட்டிருந்தார், இந்தத் திருத்தத்தை எங்கள் அடுத்த பதிப்பில் சேர்க்கிறோம், பட்டியலில் யார் பெயரைப் போடுவது என்று. அதற்குச் சேவியர் எழுதிய பதிலைப் பிலோமினா இரண்டு முறை தனக்குள் படித்துவிட்டு, பிறகு தமிழில் சொன்னார்.

"என் கூட்டாளி நெல்லையப்பன் பெயரைப் போடுங்கள். நல்ல மனிதர், ஆனால் யாரையும் நம்ப மாட்டார். உங்களையும் நம்பவில்லை, என்னையும் நம்பவில்லை. உங்கள் ஆறு பேரின் பெயரை ஒருமுறை அழித்துவிட்டார், அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். தன் பெயர் இருக்கும் பட்டியலை அவர் அழிக்க மாட்டார். வேறு யாரையும் அழிக்க விடவும் மாட்டார். எனக்குப் பிறகும் பார்த்துக்கொள்வார். என் பெயர் வேண்டாம். ஒரே கடையிலிருந்து இரண்டு பெயர் வந்தால் அவருக்கு அதிலும் ஒரு சந்தேகம் வரும்."

பிலோமினா சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதார். "உங்களை நல்லா எடை போட்டிருக்காவ அண்ணாச்சி" என்றார். நான் வாங்கிக் கொடுத்த அல்வாவைச் சேவியர் கடைசி வரிசையில் உட்கார்ந்து தின்றதை நினைத்தேன். என் மேல் வைத்த அன்பினால் அதைச் செய்தாரா, அந்த ஆறு பேரைக் காப்பாற்ற என்னைக் காவலுக்குப் போட்டாரா என்று அன்று முழுவதும் யோசித்தேன். இன்றும் எனக்குத் தீரவில்லை. இரண்டில் எதுவானாலும் அவருக்கு நான் கடமைப்பட்டவன். அவரை நான் ஒரு நாளும் முழுதாக நம்பியதில்லை, அது எனக்கு வலிக்கிறது.

அங்கேயே, அவருடைய கணினியிலேயே, பிலோமினாவைக் கொண்டு ஹங்கேரிக்காரருக்கு ஒரு கடிதம் எழுதினேன். சேவியர் இறந்த செய்தியைச் சொல்லி, திருத்தம் அவருடையது, என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போடுங்கள் என்று கேட்டேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. ஆறு பேரும் தனித்தனியாக வருத்தம் தெரிவித்திருந்தார்கள். கடைசியில் ஒரு வரி. ஒருமுறை போட்ட பெயரை நாங்கள் எடுப்பதில்லை, அவர் பெயரையும் சேர்க்கிறோம் என்று. எனவே என் பெயர் அங்கேயேதான் இருக்கும், அதற்குக் கீழே எட்டாவதாகச் சேவியர் பர்னாந்து, மணப்பாடு.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். ரேடியோவையும் கோப்பையும் பிலோமினா எடுத்துப்போனார். அந்த எட்டுப் பெயர்களின் காவல் என்னிடம் இருக்கிறது. கடையிலிருந்து ஒரு பிரதி வெளியே போகும் முன்னால் திரையின் முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்கிறேன். கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது, வேறு யார் கைவைக்கப் போகிறார்கள் அண்ணாச்சி என்று கேட்கிறார்கள். வேறு யாரும் இல்லை. என் கையைத்தான் நான் நம்பவில்லை.